இருபது நிமிடத் தூக்கம்

— காலை இப்படி நீட்டு நர்மதா. கொப்புளத்து மேல பிளாஸ்திரி ஒட்டிப்போடறேன்.

— காலு கெடக்குது போங்கப்பா. மூணு நாளா கொல்லிமலைக் காட்டுல எறநூறு கிலோமீட்டர் ஏறி எறங்கியாச்சு. அது ஓடிப்போடும்.

— அப்புறம் எதுக்கு மூஞ்சி உம்முன்னு இருக்குது?

— ராப்பகலா ஓடற அந்த ஆறு நாள் பந்தயக்காரங்க இப்பப் போன் பண்ணுவாங்க. வரலைன்னு சொல்லிப்போடறேனுங்க.

— அட கெரகமே! மில்லு வேலைய உட்டுப்போட்டு, ஷூ கம்பெனி சம்பளத்துல ஓடறவ பேசற பேச்சா இது?

— போன வருசம் என்ன ஆச்சு? மூணாம் நாளு நாந்தான் முன்னால. இருவது நிமிசம் படுக்கறேன்னு படுத்தேன். நாலு மணி நேரமுங்க! மூஞ்சில தண்ணி ஊத்தியும் எந்திரிக்கல. அத்தன பேரும் தாண்டிப் போயிட்டாங்க.

— அதுக்குத்தான் இப்பப் பழகறோம். லாரி ஓட்டற நாங்கெல்லாம் ஸ்டியரிங்குல சாஞ்சா இருவது நிமிசத்துல டாண்ணு முழிச்சுக்குவோம். நீயும் இந்த மூணு நாள்ல எட்டுத் தடவ படுத்த. எட்டுத் தடவையும் நேரத்துக்கு எந்திரிச்சயா, இல்லயா?

— "அம்மிணி, வண்டி எடுக்கலாம்"னு நீங்க கூப்பிட்டீங்க, எந்திரிச்சேன். கூப்பிட்டுப்போட்டு நீங்க போயி லாரிக்குள்ள உக்காந்துக்கறீங்க, நான் வந்து கதவத் தட்ட வேண்டியிருக்குது. அதுலென்ன என்ற கெட்டிக்காரத்தனம்?

— இன்னிக்குங் கேட்டுச்சா?

— காதுகிட்டயே கேட்டுச்சு. ஆனா அங்க ஆறு நாளுங்க. தொணைக்கு ஒருத்தரும் வரக்கூடாது. அலாரம் எனக்குக் காதுல உழுகாது. உங்க சத்தம் இல்லாம நான் எந்திரிக்க மாட்டேன். பயமா இருக்குதுங்க. மறுக்காத் தோத்துட்டு ஊடு வந்து சேர என்னால முடியாது.

— அழுவாத சாமி. இந்தா, தண்ணி குடி.

— போன் அடிக்குது பாருங்க. அவங்கதான். குடுங்க, சொல்லிப்போடறேன்.

— இரு இரு. எடுக்கறதுக்கு முன்ன ஒண்ணு கேட்டுக்க. வையக்கூடாது.

— சொல்லுங்க சீக்கிரம்!

— மொத ரெண்டு தடவதான் அம்மிணி நான் கூப்பிட்டது. அப்புறம் என்னாலயும் முழிச்சிருக்க முடியல. நேத்துல இருந்து, நீ கதவத் தட்டித்தான் நானே எந்திரிக்கறேன்.