துவைத்துக் கொடுத்த சட்டை

"குடுக்கற சட்டைய தொவைக்காமயா குடுப்பாங்க?"

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் பேருந்தில், முன் இருக்கையில் இருந்த அம்மாள் கேட்டார். ஒட்டுக்கேட்பது தவறுதான். ஆனாலும் என் மடியில் தூங்கிய குழந்தையின் துண்டைச் சரிசெய்வதுபோல் முன்னால் சாய்ந்தேன். அவர் மடியில் இஸ்திரி போட்ட ராணுவச் சட்டை. பக்கத்தில் இருந்தவர், புதுப்பிக்கப்படும் ராணுவ மியூசியத்தைச் சேர்ந்தவர் என்று பேச்சில் தெரிந்தது.

"குண்டடிபட்ட அன்னிக்கு உங்க வீட்டுக்காரர் போட்டிருந்த சட்டைங்கம்மா. அந்த மண்ணு, ரத்தக்கறையோட கண்ணாடிப் பெட்டியில வெக்கலாம்னு இருந்தோம்."

"நாலு பேரு பாக்கற எடத்துல அவர அழுக்கோட நிக்க வெப்பீங்களா? இத்தன வருசம் தொடாமதான் வெச்சிருந்தேன். நீங்க கேட்டீங்கன்னுதான் முந்தாநேத்து ஊற வெச்சேன்."

"தோளுல குண்டு பட்ட ஓட்டையாச்சும் இருக்குதா?"

"அதையும் தெச்சிட்டேன்."

சூளகிரி தாண்டும்போது மியூசியக்காரர் கையிலிருந்த நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார்.

"அப்ப இத வெக்க மாட்டீங்களா சார்?" அம்மாளின் குரல் இறங்கியிருந்தது.

அவர் சட்டையை வாங்கித் தையலை விரலால் தடவிப் பார்த்தார். "வெக்கறோம்மா. தையலோடயே வெக்கறோம். தெச்சது நீங்கன்னு உங்க பேரையும் பக்கத்துல எழுதிடறோம்."

அம்மாள் உடனே கையை நீட்டினார். "எம்பேரு போடறதா இருந்தா இப்படிக் குடுங்க சார். கண்ணாடி போடாம தெச்சது, கோணலா இருக்குது. பிரிச்சிட்டு நல்லா தெச்சுத் தரேன்."

"வேண்டாங்கம்மா," என்று அவர் சட்டையைத் தன் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார்.