மைனஸ் இருபதில் நாற்காலி இல்லை

"பசி எப்படி எடுக்குது?"

"நல்லா எடுக்குது டாக்டர். ரெண்டு ஆள் சாப்பாட்டை ஒரே ஆளா சாப்பிடுறேன். எடை ஏறுது, ஆனா தெம்பு இல்ல. அடுப்புக்கு முன்னால நின்னாலும் குளிருது. இப்ப சொன்னது இப்ப மறந்து போகுது."

"நல்லா சாப்பிடுறீங்க, உக்காந்து வேலை பாக்குறீங்க. எடை ஏறாம என்ன செய்யும்? அம்பதைத் தாண்டியாச்சும்மா. மறதி வரத்தான் செய்யும்."

"உக்காந்தா? மைனஸ் இருபதுல யாரு டாக்டர் எங்களுக்கு நாற்காலி போட்டு வெச்சிருக்கா?"

டாக்டர் சிரித்தார். சீட்டில் 'வயது, உணவைக் குறைக்கவும்' என்று எழுதினார். பணிச்சூழல் என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார். ஐந்து ஆண்டுகளுக்கு முன், நம் குளிர்பதனக் கிடங்கின் மருத்துவ அறையில் நடந்த பேச்சு இது. அன்று அக்காவுக்குத் துணையாக வந்து கதவோரம் நின்ற தட்டச்சர் நான்தான் இன்று இதைப் படிக்கிறேன்.

இரும்புக் கதவை மூன்று முறை தட்டி எங்களை உயிரோடு வெளியே அழைத்தவரே, உறைந்த விரல்களை உங்கள் அக்குளில் வைத்துச் சூடேற்றிவிட்டு 'போ, இப்ப எழுது' என்று அனுப்பியவரே, இருபத்தாறு ஆண்டுகள் குளிரறையின் பொறுப்பாளராக இருந்தும் ஒரு நாளும் எங்களை அதிகாரம் செய்யாமல் இன்று ஓய்வு பெறும் எங்கள் கதவக்கா, வணக்கம்.

மேடையில் அமர்ந்திருக்கும் மேனேஜர் அவர்களுக்கும் ஒரு சொல். ஒப்புதலுக்காகத் தங்களிடம் கொடுத்த மடல் வேறு, இப்போது படிப்பது வேறு. அதில் 'நோய் பற்றி வேண்டாம், சேவை பற்றி மட்டும் எழுதவும்' என்று பென்சிலால் குறித்திருந்தீர்கள். எங்களால் இரண்டையும் பிரிக்க முடியவில்லை. சேவை செய்துதான் நோய் வந்தது.

அக்கா, நம் குளிரறைக் கதவில் ஒரு தாள் தொங்கும். அரை மணிக்கு ஒரு முறை உள்ளே இருக்கும் மீனின் வெப்பநிலையை அதில் எழுத வேண்டும். ஒரு பாகை கூடினாலும் மேலிடத்திலிருந்து மூன்று பேர் ஓடி வருவார்கள். மீனுக்குத் தாள் உண்டு. மீனைச் சுமக்கும் மனிதருக்குத் தாள் இல்லை. நீங்கள்தான் அந்தத் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார் என்று எழுதத் தொடங்கினீர்கள். அரை மணி ஆனதும் பெட்டி இழுக்கும் கொக்கியால் கதவில் மூன்று தட்டு. கேட்டதும் எந்தப் பெட்டியானாலும் அப்படியே போட்டுவிட்டு வெளியே வர வேண்டும். 'இன்னும் ரெண்டே பெட்டிதான்க்கா' என்று யாராவது இழுத்தால், 'அந்த ரெண்டு பெட்டி செத்த மீனு. அது காத்திருக்கும். நீ வா' என்பீர்கள்.

வெளியே வந்தால் முன்பெல்லாம் சூடு அறை இருந்தது. ஒரு ஹீட்டர், ஒரு நீண்ட பெஞ்சு, ஒரு கெட்டில். பத்து நிமிடம் அங்கே இருந்தால் உதடு பேச வரும். ஆறு ஆண்டுகளுக்கு முன் அந்த அறையை எடுத்துக்கொண்டார்கள். அலுவலகத்தின் பழைய கோப்புகளை அங்கே அடுக்கினார்கள். கோப்புகள் ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும் என்று ஹீட்டரையும் அங்கேயே விட்டுவைத்தார்கள். அன்று முதல் காகிதங்கள் கதகதப்பாக இருக்கின்றன. நாம் நடைக்கூடத்தில், நான்கு பாகையில், குதித்துக்கொண்டு நின்றோம்.

குளிர் தோலோடு நின்றுவிடும் என்றுதான் நாங்களும் நினைத்தோம். பிற்பாடு நீங்கள் போய்ப் பார்த்த ஹார்மோன் டாக்டரம்மா அதை எங்களுக்கும் புரிகிற மாதிரி சொன்னார். குளிர் பட்டதும் உடம்பு ஆபத்து வந்ததாக நினைத்து, பயந்தால் சுரக்கும் அதே ஹார்மோனைச் சுரக்கிறது. தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, இதயம் முட்டித் தள்ளுகிறது. தசை நடுங்கி நடுங்கிச் சர்க்கரையை எரிக்கிறது. கழுத்தடியில் இருக்கும் பழுப்புக் கொழுப்பு, நடுக்கமே இல்லாமல் எரிந்து சூடு தருகிறது. இந்த அடுப்புகளுக்கெல்லாம் காற்று ஊதுவது தைராய்டு. வருடக்கணக்கில் ஊதச் சொன்னால் அதன் ஹார்மோன் சீக்கிரம் சீக்கிரம் செலவாகிறது. சிலருக்கு ரத்தத்தில் அதன் அளவு இறங்கிவிடுகிறது. அப்போது மனசு சோர்கிறது, நினைவு தளர்கிறது.

"எல்லாத்துக்கும் குளிர்தான் காரணம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார் டாக்டரம்மா. "சில பேருக்கு இது சும்மாவும் வரும். ஆனா எங்க வேலை பாக்குறீங்கன்னு கேக்காம ஒருத்தர் எப்படிம்மா சீட்டு எழுதினாரு?"

இன்னொன்றும் அவர் சொன்னார். குளிரில் ரத்தம் உள்பக்கம் ஒதுங்குவதால் சிறுநீர் அதிகம் போகும், அது உடம்பின் இயல்பு. நம் மேற்பார்வையாளரோ கழிப்பறை வாசலில் நின்று 'இது எத்தனாவது தடவை? வீட்டுல தண்ணி வரலையா?' என்று எண்ணிக்கொண்டிருந்தார். பெண்கள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தினோம்.

இரண்டாம் வரிசையில் உங்கள் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார். தையல்காரர். பழைய மெத்தை விரிப்புகளை வெட்டி எங்கள் எல்லோருடைய கையுறைக்கும் உள்துணி தைத்துக் கொடுத்தவர். அந்த நாட்களில் அவர் எங்களிடம் குறைப்பட்டுக்கொள்வார். "உங்கக்கா கோபம் வந்தா குக்கர் மாதிரி கொதிக்கிறா, கையைத் தொட்டா ஐஸு. நான் எந்தப் பக்கம்தான் நிக்கிறது?" நாங்கள் சிரித்தோம் மாமா. அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று அப்போது தெரியவில்லை. மகள் கல்யாணப் பேச்சு நடந்த வீட்டில் மாப்பிள்ளையின் அம்மா பெயரை அக்கா மூன்று தடவை கேட்டதற்கு, 'திமிர்' என்று பெயர் வந்தது. நல்லவேளை, மாப்பிள்ளை அந்தத் திமிரையும் சேர்த்தே பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

இனி எங்கள் குற்றத்துக்கு வருகிறோம்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், ஒரு மதியம், நீங்கள் கதவைத் தட்ட மறந்தீர்கள். அந்த மாதம் இரண்டு பேர் வேலையை விட்டு நின்றிருந்ததால் அவர்கள் பங்கையும் நீங்கள்தான் உள்ளே நின்று பார்த்தீர்கள். வெளியே வந்து, தாளில் மீனின் வெப்பநிலையைச் சரியாக எழுதினீர்கள். தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. சுமை தூக்கும் எங்கள் ஒல்லி, தட்டு கேட்கவில்லையே என்று தொடர்ந்து பெட்டி அடுக்கினான். தானாக வெளியே வந்திருக்கலாம். ஆனால் கதவக்கா தட்டாமல் அரை மணி ஆகாது என்று நம்பினான். கையில் கட்டியிருந்த கடிகாரத்தைவிட உங்கள் கொக்கியை நம்பியது எங்களைப் போன்றவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய தவறு. ஒரு மணி பத்து நிமிடம் கழித்து அவனை வெளியே இழுத்தபோது நாக்கு குழறியது. இரண்டு நாளில் எழுந்துவிட்டான். இதோ, மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

மறுநாள் உங்களுக்கு மெமோ வந்தது. 'கவனக்குறைவு, அலட்சியம்.' அக்கா கொஞ்ச காலமாகவே எதையும் மறந்துவிடுகிறார் என்று எங்களில் ஐந்து பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். நாங்கள் எழுதியது பொய்யில்லை. ஆனால் ஏன் மறக்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த மெமோவைத் தட்டச்சு செய்ததும் இதே கைதான்.

மூன்று வாரம் கழித்து, டாக்டரம்மா எடுக்கச் சொன்ன ரத்தப் பரிசோதனையின் முடிவு வந்தது: தைராய்டு குறைவு. மாத்திரை தொடங்கி ஆறு மாதத்தில் சம்பந்தியம்மா பெயர் மட்டுமல்ல, அவர் சொன்ன ஒவ்வொரு குத்தல் பேச்சும் உங்களுக்கு நினைவுக்கு வந்துவிட்டது. அந்தப் பரிசோதனைச் சீட்டின் நகலை மெமோவோடு சேர்த்து வைக்கக் கேட்டோம். 'முடிந்துபோன கோப்பைத் திறக்க முடியாது' என்று பதில் வந்தது. அக்கா, அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது தெரியுமா? உங்களிடமிருந்து பிடுங்கிய சூடு அறையில், ஹீட்டருக்குப் பக்கத்து அலமாரியில், இரண்டாவது தட்டில், நன்றாகக் குளிர் காய்ந்துகொண்டிருக்கிறது.

போன வாரம் நான் உங்கள் வீட்டுக்கு வந்து, விருந்தில் என்ன பரிசு வேண்டும் என்று கேட்டேன். "போர்வை மட்டும் வாங்கிராதடி" என்றீர்கள். பிறகு, நான்கு வருடமாக மேனேஜரிடம் ஒன்று கேட்க நினைத்ததாகச் சொன்னீர்கள். ஏன் கேட்கவில்லை என்றதற்கு, "தட்ட மறந்தவ நான். நான் எந்த வாயால கேக்குறது?" என்றீர்கள். அந்த வாயைக் கட்டியது நாங்கள் போட்ட ஐந்து கையெழுத்து.

எனவே இந்த மடலின் அடியில் முதல் ஐந்து கையெழுத்துகளும் அந்த ஐந்து பேருடையவை. ஒல்லியுடையது ஆறாவது. அதன் கீழே, இன்று காலை குளிரறைக்குள் போய் வந்த எல்லாரும் போட்டிருக்கிறார்கள், விரல் விறைத்துக் கோணலாக. சட்டம் போட்டு மாட்டும்போது அந்தக் கோணல்கள் மறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் மாமா. அக்கா, கை கால் கதகதப்பாக, சாப்பிட்டது உடம்பில் தெம்பாகச் சேர, பேரப்பிள்ளைகளின் பெயரை ஒன்றுவிடாமல் சரியாகக் கூப்பிட்டுக்கொண்டு நூறு வயதுக்கு இருங்கள்.

மேனேஜர் அவர்களே, அக்கா என்னிடம் சொன்னதை அவர் வாய்ச்சொல்லாகவே படிக்கிறேன். குரல்தான் என்னுடையது.

"சார், எனக்கு ஒண்ணும் வேண்டாம். அந்தக் காகிதத்தையெல்லாம் எடுத்து வெளியே வெச்சுட்டு, எங்க பிள்ளைங்களை உள்ள உக்கார விடுங்க."