எட்டுப் பெட்டியில் வந்த ஒற்றை எந்திரம்

அடுப்புப் புகையில் சிவந்த கண்களோடும் அகம் பூரித்த முகத்தோடும் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் முந்திரி மகளிர் குழுத் தலைவி சொர்ணவல்லி அம்மா அவர்களே! முன்வரிசை முழுவதையும் பிடித்துக்கொண்டு, பின்னால் இருப்பவர்களுக்கு மேடையே தெரியாமல் செய்துவிட்ட ஆதனக்கோட்டைப் பெரியோர்களே! இருபத்திரண்டு அடுப்புகளையும் இன்று ஒரு பொழுது அணைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அத்தனை பேருக்கும் இந்த ஆவுடையப்பனின் பணிவான வணக்கம்.

இன்று நான் பேச வந்தது சுங்க வரியைப் பற்றி. என்னங்க, அங்கிட்டு பந்தக்கால் பக்கம் ஒருத்தர் எழுந்திரிக்கிறீங்க? உட்காருங்கண்ணே! வரிக்கதைதான், ஆனால் நம்ம வீட்டுக் கதை.

முந்திரிக்கொட்டையை உடைத்தால் பருப்பு மட்டுமா வருகிறது? தோலைத் தின்னும் எண்ணெயும் வருகிறது. அந்த எண்ணெய் பட்டுக் கறுத்த கைகளை நீங்கள் அறிவீர்கள். சோறு பிசைய எரியும் கை! பஸ்ஸில் சில்லறை நீட்டக் கூசும் கை! சம்பந்தம் பேச வந்தவர்கள் முன்னால் முந்தானைக்குள் ஒளிந்துகொள்ளும் கை! அந்தக் கைகளுக்கு ஓய்வு கொடுக்கத்தான் இருபத்திரண்டு பெண்களும் பணம் போட்டு, வியட்நாமிலிருந்து கொட்டை உடைக்கும் எந்திரம் வரவழைத்தார்கள். பங்குனியில் கொட்டை விழத் தொடங்கும். அதற்குள் எந்திரம் வந்தாக வேண்டும். வரவில்லையா? இன்னொரு வருடம் அதே எரிச்சல்தான்.

எந்திரம் தூத்துக்குடி வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றது. ஏன் நின்றது? யாரால் நின்றது? அந்தக் குற்றவாளி இந்த மேடையில்தான் இருக்கிறான். மைக்கும் அவன் கையில்தான் இருக்கிறது!

சிரிக்காதீங்க ஆத்தா, உண்மையைத்தான் சொல்றேன். இந்த வட்டாரத்தில் கல்யாணச் சீர்வரிசைப் பட்டியல் எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். குத்துவிளக்கு இரண்டு என்று நான் எழுதுவேனா? வலது விளக்கு ஒன்று, இடது விளக்கு ஒன்று, அதற்குத் திரி, அதற்குத் தட்டு என்று பக்கத்தை நிரப்பினால்தான் எனக்குத் தூக்கம் வரும். அதே புத்தியோடு வியட்நாம் கம்பெனிக்கும் எழுதினேன்: "ஒரு திருகாணிகூட வழியில் தொலையக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விலை போட்டுப் பில் அனுப்புங்கள்." அவர்களும் அனுப்பிவிட்டார்கள். எட்டுப் பெட்டிக்கு நாற்பத்தாறு வரி நீளத்தில் ஒரு பில்!

பில்லைப் பார்த்த துறைமுக ஏஜென்ட் என்ன செய்வார்? மோட்டாருக்கு மோட்டார் வரி, பெல்ட்டுக்கு ரப்பர் வரி, போல்ட்டுக்கு இரும்பு வரி என்று தனித்தனியாகப் போட்டார். அவர் சொன்ன மொத்தத் தொகை குழுவின் கையிருப்பைத் தாண்டிவிட்டது. பெட்டி நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை வேறு.

அப்போதுதான் எழுந்தார் ரஞ்சிதா! குழுவுக்குக் கணக்கு பார்க்கும் ரஞ்சிதா. கப்பலைக் கண்ணால் கண்டதில்லை, கடல் கடந்து போனதில்லை. மூன்று நாள் செல்போனில் சுங்க வரிப் பட்டியலைப் படித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"எட்டுப் பெட்டியிலயும் என்ன இருக்குங்க மாமா?"

"மோட்டார், பெல்ட்டு, கத்தி..."

"எல்லாத்தையும் மாட்டுனா என்ன வரும்?"

"எந்திரம்."

"அப்ப எந்திரம்னு ஒரே வரியில எழுத வேண்டியதுதானே?"

சட்டமும் அதைத்தான் சொல்கிறதாம்! கழற்றி அனுப்பினாலும், ஒன்றாக வந்து சேர்ந்து முழுப்பொருள் ஆகுமானால் அது முழுப்பொருள்தான். உலகத்துச் சரக்குக்கெல்லாம் ஓர் எண் உண்டு. எண்ணைப் பொறுத்தே வரி. முழு எந்திரத்துக்கான எண்ணைச் சரியாகப் பிடித்தார் ரஞ்சிதா; உதிரிகளைவிட அதற்கு வரி குறைவு.

கணக்கையும் அவரே விளக்கினார். நூறு ரூபாய்ச் சரக்கு, சுங்க வரி பத்து சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து ரூபாய். அந்தப் பத்தின் மேல் சமூக நல மேல்வரி ஒரு ரூபாய். ஆயிற்றா, நூற்றுப் பதினொன்று? ஜி.எஸ்.டி. பத்து சதவீதம் என்றால் அது எதன் மேல்? நூறின் மேலா? இல்லை! நூற்றுப் பதினொன்றின் மேல். பதினோரு ரூபாய் பத்துக் காசு. மொத்த வரி இருபத்திரண்டு ரூபாய் பத்துக் காசு. விகிதம் சரக்குக்குச் சரக்கு மாறும், கணக்கின் வழி மாறாது. இதில் அந்த நூறு என்பது வெறும் விலை அல்ல. கப்பல் கூலியும் காப்பீடும் சேர்த்துத்தான் நூறு.

இதைச் சொல்லிவிட்டு அவர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "நாம கப்பல் கூலியத் தனியாக் கட்டுனோம். பில்லுல அது இல்லைங்க மாமா. அதையும் சேக்கச் சொல்லி எழுதணும்."

நான் பதறிப்போனேன். "குறைக்கத்தானேம்மா போறோம்? அவுங்க கேக்காததை நாம ஏன் கிளறணும்?"

கேட்டாரா? இல்லை. கடிதத்தோடு தூத்துக்குடி சுங்க அலுவலகத்துக்கே போனார். கூட நானும் போனேன், நின்று பார்த்தேன். கடிதத்தைப் படித்த அதிகாரி நிமிர்ந்தார். "முதல் பத்தி வரியைக் குறைக்குது, ரெண்டாம் பத்தி கூட்டுது. இது யாரும் உங்ககிட்ட கேக்காததாச்சேம்மா?"

"குறைக்கச் சொல்லிக் கேக்குற தாளுங்க சார். அதுல பாதி உண்மைய எழுதிட்டு எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

அறிவு பெரிதா, நேர்மை பெரிதா என்று எத்தனை மேடையில் தொண்டை கிழியக் கத்தியிருப்பேன்! இரண்டும் ஒரே தாளில், ஒரே கையெழுத்தின் கீழே இருந்ததை அன்றுதான் பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது.

எண்ணைத் திருத்தியதில் வரி பெருமளவு இறங்கியது. கூலியைச் சேர்த்ததில் கொஞ்சம் ஏறியது. குழுவின் கையிருப்புக்குள் அடங்கியது. பங்குனி பிறக்க நான்கு நாள் இருக்கையில் எந்திரம் ஊர் வந்து சேர்ந்தது!

நேற்று சோதனை ஓட்டம். எல்லோரும் எந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, சொர்ணவல்லி அம்மா ஒரு காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏத்தா ரஞ்சிதா, இது நாம கட்டுன வரி ரசீதா?"

"ஆமாங்கத்தை."

"முழுசாவா?"

"ஒரு பைசா பாக்கியில்லைங்கத்தை."

"அப்ப சட்டம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டு. எவன் வந்து கேட்டாலும் காட்டலாம்."

மாட்டியாயிற்று, மக்களே! கொட்டகைக்குள் போய்ப் பாருங்கள். பொறுமையாய்க் கேட்டவர்களுக்கு நன்றி, கைதட்டியவர்களுக்குக் கூடுதல் நன்றி. ரஞ்சிதா, எழுந்து நில்லம்மா. என் கடைசி வணக்கம் இந்தச் சபைக்கு அல்ல, உனக்கு!