காதல் தோல்வியில் சாகாத பேய்

மேடையிலிருக்கும் தயாரிப்பாளர் தாமோதரன் அவர்களே, இயக்குநரின் துணைவியார் கமலம்மா அவர்களே, நகரியிலிருந்தும் சித்தூரிலிருந்தும் இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் பெரியோர்களே, தோழர்களே, வணக்கம்!

கூட்டத்தில் பேசி எனக்குப் பழக்கமில்லை. மூடிய அறையில் மைக் முன்னால் பேசித்தான் பழக்கம். இயக்குநர் நாகபூஷணம் அவர்கள் தெலுங்கில் எடுத்த பேய்ப்படங்களில், தமிழில் பேய்க்குக் குரல் கொடுத்தவள் நான்.

வாசலில் ‘பேய்ப்பட வேந்தர்’ என்று பேனர் கட்டியிருக்கிறீர்கள். வேந்தராம்! தன் பேய் எப்படிச் செத்தது என்பதைக்கூட அவரைத் தீர்மானிக்கவிட்டோமா நாம்?

முதல் படத்துப் பேய், விசைத்தறிக் கூடத்தில் மின்சாரம் தாக்கி இறந்த பெண். தறி முதலாளிகள் முகம் சுளித்தார்கள். உடனே அவள் காதல் தோல்வியில் செத்தவள் ஆனாள்! இரண்டாம் படத்துப் பேய், வேறு சாதிப் பையனை மணந்ததற்காகச் சொந்தச் சித்தப்பனே கிணற்றில் தள்ளிய பெண். அது தேர்தல் நேரம். எல்லாக் கட்சிக்கும் அந்தச் சாதியின் ஓட்டு வேண்டும். அவளும் காதல் தோல்வியில் தானாகவே குதித்தவள் ஆனாள்! காதலித்தவனையே மணந்தவளுக்கு எங்கிருந்தய்யா வந்தது தோல்வி? சித்தூர்ப் பக்கம் வேறு எதனாலும் யாரும் சாவதே இல்லையா?

மாற்றுவது எளிது. படத்தைத் தொட வேண்டாம், குரலை மாற்றினால் போதும். ஒருநாள் இயக்குநரே சலித்துப்போய்ச் சொன்னார்: “பேய்க்கு எதுக்கும்மா முடிய மொகத்து மேல உடறோம்? பயமுறுத்தறதுக்கா? உதடு தெரியக் கூடாதுன்னு! அப்பதான் எவன் வேணா எத வேணா பேச வெக்கலாம்.”

அவர்மீதும் எனக்குக் கோபம் உண்டு. இரண்டு முறையும் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

மூன்றாவது முறை ஆட்டவில்லை. மாம்பழக்கூழ் தொழிற்சாலைத் தீயில் இறந்த பெண்ணின் பேயை, தலைவாரிப் பின்னல் போட்டு, கேமராவுக்கு நேரே நிறுத்தினார்.

“ஏமய்யா, பேய் இன்னா இஸ்கூலுக்குப் போவுதா? பின்னல் போட்டுக்கினு வருது!” என்று கத்தினார் தாமோதரன் அவர்கள்.

“காலேஜுக்கே போவட்டும் சார். மொகம் தெரியணும்.”

கடைசிக் காட்சிக்குத் தமிழில் குரல் பதிவதற்குள் மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது. அவர் போன கையோடு தெலுங்குக் குரலை மாற்றிவிட்டார்கள். மிச்சம் தமிழ்தான். இன்று காலை அவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டுத் தயாரிப்பாளர் என்னிடம் வந்தார்: “உதட்டுக்கு ஒத்து வர்ற மாதிரி, லவ் ஃபெயிலியர்னு நீயே எதனா பொருத்திடும்மா. ஃபேக்டரிக்காரங்க பகை நமக்கு எதுக்கு?”

சார், என் வருமானத்தில்தான் என் வீடு நடக்கிறது. இனி நீங்கள் என்னைக் கூப்பிட மாட்டீர்கள். இருந்தாலும் பொருத்த மாட்டேன்.

அவர் விட்ட வேலையைத் தொடர்வோம் என்று இங்கே எல்லோரும் உறுதி சொன்னீர்கள். நான் இப்போதே தொடங்குகிறேன். படம் வந்ததும் தியேட்டரில் காதில் எது விழுந்தாலும், அவள் உதட்டைப் பாருங்கள். தெலுங்கு தெரியாதவர் நம்மில் யார்? இயக்குநர் நாகபூஷணம் எழுதிய வசனம், தமிழில் இதுதான்:

“நாங்க உள்ள வேல செஞ்சிக்கினு இருந்தோம். வெளிய பூட்டிட்டாங்க. சாவி மேனேஜர் பாக்கெட்ல இருந்திச்சி.”