மாமா பெயரில் கிடந்த பூட்டு

மத்தியானம் இரண்டு மணி. ஆமாம், மத்தியானம்தான்... பேய் ராத்திரியில் மட்டும்தான் வரும் என்று உங்களுக்கு எவன் சொன்னது? ஞாயிற்றுக்கிழமை. தொழிற்சாலைகள் மட்டும் இருக்கிற நீளமான சாலை. ஒரு லாரி இல்லை, ஒரு நாய் இல்லை. அதில் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு போனான் நெட்டையன். என் சிநேகிதனுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். கதை விடுகிறேன் என்று நினைப்பவன் இப்போதே எழுந்து போகலாம்... தனியாக.

லிஃப்ட் செய்யும் கம்பெனி. நெட்டையனுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததே அவனுடைய அக்கா புருஷன்தான். வரைபடங்கள் எல்லாம் ஒரே சர்வரில் இருக்கும். ஒருவர் ஒரு படத்தைத் திருத்த எடுத்தால், அதாவது செக்-அவுட் செய்தால், அவர் பெயரோடு அதன்மேல் சிவப்புப் பூட்டு விழும். அவர் திருத்தி, காரணம் எழுதி, செக்-இன் செய்யும்வரை வேறு யாரும் கைவைக்க முடியாது. திரும்ப வைத்ததும் அது அடுத்த ரிவிஷன், அதாவது திருத்திய புதுப் பிரதி.

மாமா கடைசியாக எடுத்தது, லிஃப்டைத் தாங்கும் பிராக்கெட்டின் படம்.

"துளை விளிம்போட ஒட்டி இருக்குடா மாப்ளே. இப்படியே போனா ஒரு நாள் பிச்சுக்கும். நாளைக்கு மாத்திடறேன்."

அன்று சாயங்காலமே லாரி அடித்துப் போய்ச் சேர்ந்தார். பூட்டு அவர் பெயரிலேயே கிடந்தது.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மேனேஜர் நெட்டையனைக் கூப்பிட்டார். "பூட்டை எடுத்துட்டுப் பழைய படத்தையே பட்டறைக்கு அனுப்பு. திங்கக்கிழமை தகடு வெட்டணும்."

"சார், அதுல துளை..."

"திருப்பிக் கணக்குப் போட்டா மாசக்கணக்காகும். உன் வேலை நிரந்தரமாகணுமா, வேண்டாமா?"

அக்கா வீட்டு அடுப்பும் இவனை நம்பித்தான் எரிந்தது. வாயை மூடிக்கொண்டான். பயந்தாங்கொள்ளி! எனக்கு நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆபீஸில் ஆள் இல்லை. ஏசி இல்லை. உட்கார்ந்தான். பூட்டை எடுத்தான். போயிற்று... அனுப்பப் போனான். மறுபடி பூட்டு. மாமா பெயர்.

திரும்ப எடுத்தான். திரும்ப விழுந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம். டக்... டக்-டக்... டக். முதுகுக்குப் பின்னால், மாமாவின் மேஜைப் பக்கம். ஒற்றை விரலில் தட்டுகிற சத்தம். கூடவே கழுத்து வலிக்கு அவர் தேய்க்கும் தைலத்தின் நெடி.

திரும்பினான். மேஜை காலி. கம்ப்யூட்டரைப் போன வாரமே எடுத்துப் போய்விட்டார்கள். வயர்கள் மட்டும் தொங்கின. சத்தம் நிற்கவில்லை.

"மாமா... என்னை மன்னிச்சு விட்டுடுங்க மாமா," என்று ஓவென்று அழுதான். அழுதுகொண்டே என்ன செய்தான் தெரியுமா? ஆளே இல்லையென்றால் பூட்டு எப்படி நிற்கும் என்று, சர்வரிலிருந்து மாமாவின் பெயரையே நீக்கினான். இவர் வேலையெல்லாம் யார் பெயருக்கு மாற வேண்டும் என்று சர்வர் கேட்டது. தன் பெயரைப் போட்டான்.

சத்தம் நின்றது. நெடியும் இல்லை. பழைய படத்தை அனுப்பிவிட்டு நேராக அக்கா வீட்டுக்குப் போய், தலை நிமிராமல் சாப்பிட்டான். அந்தப் படத்தைப் பிறகு அவன் திறக்கவே இல்லை.

வேலை நிரந்தரமாயிற்று. அடுத்த வருஷமே ஒரு கட்டடத்தில் பிராக்கெட் பிய்ந்தது. லிஃப்ட் கூண்டின்மேல் நின்று வேலை பார்த்த மெக்கானிக் செத்துப்போனார். வீட்டில் பச்சைக் குழந்தை, பாவம்.

விசாரணை அதிகாரி மடிக்கணினியோடு அக்கா வீட்டுக்கே வந்தார்.

"பழைய படத்தை அனுப்பின ஒரு மணி நேரத்துல, உங்க பேர்ல புது ரிவிஷன் ஏறியிருக்கு. துளையைச் சரியா தள்ளி வச்சிருக்கீங்க. தப்புன்னு தெரிஞ்சும், அனுப்பினதை ஏன் திருப்பி வாங்கல?"

நெட்டையன் துள்ளி எழுந்தான். "நான் இல்ல சார்! அந்த நேரம் இங்கதான் சாப்பிட்டுட்டு இருந்தேன். அக்கா, சொல்லேன்!"

அக்கா குனிந்து திரையைப் பார்த்தாள். காரணம் என்ற இடத்தில் எழுதியிருந்தது: 'துளை விளிம்பில் இருக்கிறது. ஆள் ஏறுவது. பழையதை அனுப்பாதே. பார்த்துச் செய்.'

பார்த்துச் செய்... பால் வாங்கச் சொல்லிச் சீட்டு எழுதி வைத்தாலும் அவள் புருஷன் அப்படித்தான் முடிப்பார். இரண்டு தடவை படித்தாள். கண் நிறைந்துவிட்டது.

"அவரு உங்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தாராடா?"

நெட்டையன் ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் பரிமாறியது அவள் கைதான். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அதிகாரியிடம் திரும்பினாள்.

"அன்னைக்கு இவன் இங்க வரவே இல்லைங்க."