பாம்பு இல்லாத ஊர்

"அவங்க ஊர்ல பாம்பே கிடையாதாம்."

ரங்கூன் டிராமில் எனக்கு முன் பலகையில் இருந்தவர் தம் மனைவியிடம் இப்படிச் சொன்னதும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன். அவர் அயர்லாந்துக்காரத் துரை ஒருவருக்குச் சமையல்காரர் என்பதும், ஊர் திரும்பும் துரை இருவரையும் கூட வரச் சொல்கிறார் என்பதும் பேச்சிலேயே தெரிந்தது. மனைவிக்குக் காட்டு மிருகம் என்றால் பயம்.

"புலியும் கிடையாதா?"

"கிடையாது. நரி உண்டு. அது கோழியத்தான் பிடிக்கும். அப்புறம் பேட்ஜர்னு ஒண்ணு, மண்ணுல வளை தோண்டி இருக்கும். பழைய படுக்கைப் புல்லை வெளிய தள்ளிட்டுப் புதுப்புல்லை உள்ள இழுத்துக்கிட்டுப் போகுமாம்."

"அந்த வேலைய ஆண் பாக்குதா, பெண் பாக்குதா?"

"துரை அதைச் சொல்லல. முள்ளெலி ரொம்பச் சாது. பனிக்காலம் வந்தா சருகுக்குள்ள சுருண்டு படுத்துடும். குளிர் போனாத்தான் எந்திரிக்கும்."

"அங்கேயே பொறந்த மிருகமே குளிருக்குப் பயந்து படுத்துடுதா?"

"ஆமா," என்றார் பெருமையாக.

"அப்ப விடியக்காலம் எந்திரிச்சு துரைக்கு அடுப்பு மூட்டுறது யாரு?"



"துரை கம்பளிச் சட்டை தர்றேன்னாரு," என்றார்.

"வாங்கிப் போட்டுக்கிட்டு நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கயே இருக்கேன்."

பபேடான் நிறுத்தத்தில் இருவரும் இறங்கினார்கள். "முடியாதுன்னு நாளைக்குச் சொல்லிடுறேன்," என்று அவர் சொன்னது கேட்டது.

"நாளைக்கு எதுக்கு? இன்னிக்கு மத்தியானமே துரை நல்லாச் சாப்பிட்டு முடிச்சதும் சொல்லிடுங்க," என்றாள்.