கழுவினாலும் போகாத மஞ்சள்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நாட்டு மருந்துக்கடை ஹபீபுர் ரஹ்மான் பாய் அவர்களே, தாயைப் பறிகொடுத்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பி முதஸ்ஸிர் அவர்களே, இந்தக் கோபாலபுரம் பள்ளிக்கூட மண்டபம் நிறைய வந்திருக்கும் பெரியோர்களே, தேனாம்பேட்டைக் கொட்டகையில் என்னோடு இடித்துச் சலித்துக் காய்ச்சிய பெண்களே, எல்லாருக்கும் காமாக்ஷியின் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அழகாகப் பேசினார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என் பேத்தி ஸ்நேஹா அண்ணா சாலையில் பெரிய ஆபீசில் இருக்கிறாள்; அவளுக்குக் கீழே பத்துப் பேர் வேலை செய்கிறார்கள். "நான் எழுதித் தரேன் ஆயா, பார்த்துப் படிச்சுடு" என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். இன்றைக்கு நான் சொல்ல வேண்டியதை அவள் எழுதக் கூடாது.

முதஸ்ஸிரின் அம்மா, நமக்கெல்லாம் அக்காவாக இருந்த அஸ்மத்துன்னிசா ஆபா யார்? அரிப்புக்குத் தைலம் செய்தவர் என்று வாசலில் பேனர் வைத்திருக்கிறார்கள். அது பாதிதான். வெட்பாலை இலையைக் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் கத்தரிப்பூ நிறத்துக்கு வரும். அதை யாரும் செய்யலாம். பாசிப்பயறும் ஆவாரம்பூவும் வெட்டிவேரும் மஞ்சளும் சேர்த்துக் குளியல் பொடி இடிக்கலாம். அதையும் யாரும் செய்யலாம். ஆபா எதைச் செய்தார்? வந்தவரின் தோலைப் பார்த்தார். காசை எடுக்கும் முன்னே, "கையைக் கழுவிட்டு வெளிச்சத்துக்கு வா" என்பார். முழங்கை மடிப்பில் ஒரு சொட்டுத் தடவி, "நாளைக்கு வா, எரியலைன்னா வாங்கிக்க" என்று வெறுங்கையோடு அனுப்புவார். மயிலாப்பூரிலிருந்து கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு பெண்ணிடம், "எங்க பொடியும் வேணாம், உன் வாசனை சோப்பும் வேணாம், பத்து நாள் வெறும் தண்ணி ஊத்து" என்றார். குழந்தைக்குத் தோல் ஆறியது. எங்களுக்குத்தான் வியாபாரம் போனது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் வைத்திருந்தார். தோலில் தடிப்போ வெடிப்போ தடமோ இருந்தால் அது நம் வேலை. தடமே இல்லாமல் அரித்தால் அது உள்ளே இருக்கும் சமாச்சாரம்; ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. அதோ தூண் பக்கத்தில் நிற்கும் ஆட்டோக்கார சாய்நாத் தம்பி அப்படி அனுப்பப்பட்டவர்தான். அன்றைக்கு அவர் போட்ட சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

"துட்டு குடுத்து வாங்க வந்தா தொரத்துறியே, நீ இன்னா கடை நடத்துற?"

"உன் கால்ல ஒரு கோடு இல்ல, புள்ளி இல்ல, ஆனா ராவெல்லாம் அரிக்குதுன்ற. போய் ரத்தம் குடுத்துப் பாரு. ஒண்ணும் இல்லைன்னு வந்தா ஒரு பாட்டில் சும்மா தரேன்."

அந்தப் பாட்டிலை அவர் வாங்கவேயில்லை. சர்க்கரை ஏறிக் கிடந்தது தெரிந்தது. இன்றைக்கும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வண்டி ஓட்டுகிறார்.

இப்படி எத்தனை பேரை அனுப்பினார் ஆபா? நீங்களே கை தூக்கினால் இந்த மண்டபத்தில் பாதிக் கை எழும். அவரை அனுப்ப யார் இருந்தோம்?

பங்குனி வெயிலில் அவருக்கு அரிப்பு தொடங்கியது. முதலில் உள்ளங்கை, பிறகு பாதம், பிறகு முதுகு. நான் விடுவேனா? சாயங்காலம் வேலை முடிந்ததும் ஆபாவை முக்காலியில் உட்கார வைத்து, நானே காய்ச்சிய தைலத்தை முதுகில் தேய்த்தேன். கொட்டகையில் என் பக்குவம் யாருக்கும் வராது என்று எனக்கு ஒரு கர்வம். "உன் கை பட்டாத்தான் கண்ணு சொக்குது காமாக்ஷி" என்பார். எனக்கு அது போதும். தேய்க்கும்போது அவர் முதுகைப் பார்த்தேன். ஒரு தடிப்பு இல்லை, ஒரு வெடிப்பு இல்லை, கண்ணாடி மாதிரி இருந்தது. எனக்குச் சந்தோஷம். என் தைலம் வேலை செய்கிறது என்று சந்தோஷம்.

பெரியோர்களே, தடம் இல்லாத அரிப்பு. அதே சட்டத்தை அதே நாள் காலையில் திருவான்மியூரிலிருந்து வந்த ஒருவருக்கு நானே சொல்லி அனுப்பியிருந்தேன். சாயங்காலம் அது எனக்கு ஞாபகம் வரவில்லை. வாங்க வந்தவருக்குத்தானே சட்டம், ஆபாவுக்கு ஏது?

அப்போது தி. நகர் கடை ஒன்றிலிருந்து குளியல் பொடிக்குப் பெரிய ஆர்டர். கொட்டகை முழுக்கப் பூசு மஞ்சள். எங்கள் கை மஞ்சள், முந்தானை மஞ்சள், குடிக்கிற டம்ளரும் மஞ்சள். என்னைக் கூட்டிப்போக ஸ்கூட்டரில் வந்த ஸ்நேஹா கேட்டாள்: "ஆயா, ஆபா கண்ணு இன்னா இவ்ளோ மஞ்சளா கீது?"

"மஞ்சள் இடிக்கிற எடத்துல வேற இன்னாடி கலர் இருக்கும்? ஆபீஸ்ல ஏசில உக்காந்தா இதெல்லாம் தெரியாது" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். ஆபாவும் சிரித்தார்.

ஆர்டர் போனது. பக்ரீத்துக்குக் கொட்டகையை மூடினோம். பெருநாள் அன்று ஆபா வீட்டில் எங்களுக்கெல்லாம் சாப்பாடு. வரிசையாக உட்கார்ந்து இலையில் கை வைத்தோம். வேலை இல்லாத நாட்களில் எங்கள் எல்லாருடைய கையும் பழைய நிறத்துக்கு வந்திருந்தது. பரிமாற நீண்ட ஆபாவின் கை மட்டும் மஞ்சளாகவே இருந்தது. சோற்றின் மேல் அந்தக் கையைப் பார்த்த நொடியில் இலையை விட்டு எழுந்தேன். "ஆபா, கையைக் கழுவிட்டு வெளிச்சத்துக்கு வா" என்றேன். வந்தார். அவர் வார்த்தையை அவருக்கே சொல்ல எனக்கு அவ்வளவு காலம் ஆனது.

ஆஸ்பத்திரியில், பித்தம் இறங்கும் குழாயில் கட்டி என்றார்கள். மஞ்சளும் அரிப்பும் அதனால்தான். "அரிப்பு ஆரம்பிச்சப்பவே வந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம்மா, இத்தனை நாள் என்ன பண்ணீங்க?" என்று டாக்டர் கேட்டார். முதஸ்ஸிர் என் முகத்தைப் பார்த்தார். தேய்த்தோம் என்று எப்படிச் சொல்வேன்?

கட்டிலில் ஆபா ஒருநாள் என் விரலைப் பிடித்துக்கொண்டார். "எனக்குச் சந்தேகம் இருந்துச்சு காமாக்ஷி. பயமாவும் இருந்துச்சு. ஊரையே நான் போ போன்னு தொரத்துனேன். என்னை யாராவது தொரத்துவீங்கன்னு பார்த்துக்கினு இருந்தேன்." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும்.

அடக்கம் முடிந்த மறுநாள் முதஸ்ஸிர் கேட்டார்: "இனிமே எதுக்கு இந்த எண்ணெய்? கொட்டகையை மூடிடலாம்." அவர் கேட்டது நியாயம். அதற்குப் பதிலை இங்கே, எல்லார் முன்னாலும் சொல்கிறேன்.

தம்பி, எண்ணெய் தப்புப் பண்ணவில்லை. வறண்ட தோலுக்கும் சோப்பு கடித்த தோலுக்கும் அது இதம்தான். உங்கள் அம்மாவுக்கும் அந்தச் சாயங்காலங்களில் அது இதமாகத்தான் இருந்தது. தப்பு, தடவிய கையில். பார்க்காமல் தடவியதில். கொட்டகையை எங்களிடம் விடுங்கள். இனி வெள்ளிக்கிழமை தோறும் மஞ்சளைத் தொடும் முன்னே நாங்கள் சோப்புப் போட்டுக் கை கழுவி, ஒருவர் கண்ணை ஒருவர் வெளிச்சத்தில் பார்ப்போம். தடம் இல்லாமல் அரித்தால், அது யாராக இருந்தாலும், எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், போ என்போம். என் கர்வத்தை ஆபாவோடு சேர்த்து மண்ணில் போட்டுவிட்டேன். இந்த வேலையை மட்டும் எனக்குக் கொடுங்கள்.

உட்காரும் முன் ஒன்று. தலைவர் அவர்களே, ஹபீபுர் ரஹ்மான் பாய், நீங்கள் பேசும்போது மைக்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் முழங்காலைச் சொறிந்துகொண்டே இருந்தீர்கள். இப்போது நான் பேசும்போதும் சொறிகிறீர்கள். கூட்டம் முடிந்ததும் வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டுங்கள். தடம் இருந்தால் என் பையில் தைலம் இருக்கிறது. இல்லாவிட்டால், சாய்நாத் வண்டி வாசலிலேயே நிற்கிறது.